தமயந்தியின் பிளாஸ்க் முறை

பெங்களூர் ஒக்கலிபுரத்தில் தமயந்தியின் சமையலறை அலமாரியில் டீத்தூள் டப்பா கிடையாது. கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த ஐம்பத்தேழு வயதுப் பெண்ணின் வீட்டில் அது இல்லையென்றால், ஊர்க்காரர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால் அவளே எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். மருமகள் அனுஷா தனக்குக் காப்பிப் பொடி வைத்திருக்கிறாள், கணவர் குணசேகர் தெருமுனைக் கடையில் டீ குடித்துவிட்டு வருகிறார். வீட்டுக்குள் டீ வாசனை வரக் கூடாது என்பது யாரும் சொல்லாமலே எல்லோரும் கடைப்பிடிக்கும் சட்டம்.

ஜூலை மாதம் பத்தாம் தேதி பழைய ரயில் தோழி அல்போன்சாவிடமிருந்து போன் வந்தது.

"முப்பத்தொண்ணு எனக்கு வேலையில கடைசி நாளுடி. அறுபது ஆயிடுச்சி, போதும்னு சொல்லிட்டாங்க. சாயங்கால ரயில்ல நீயும் வா. ஊருக்கு வந்து எங்கூட ஒரு ராத்திரி தங்கிட்டுப் போ. உன் முறை இன்னும் நிக்குது, ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது, இருக்குது" என்று தமயந்தி சிரித்தாள். போனை வைத்த பிறகு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த முறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுரங்கத்தை மூடிய வருடம் குணசேகருக்கு வேலை போனது. தங்கவயலில் பாதி வீடுகளில் அன்று இதே கதைதான். தமயந்தி தையல் தெரிந்தவள். பெங்களூர் சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் அளவு திருத்தும் வேலை கிடைத்தது. அன்றிலிருந்து பதினெட்டு வருடம், காலை ஐந்தரை மணி ரயிலுக்குக் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்ட மாதிரி ஓட்டம். அதே பெட்டியில் அல்போன்சா, ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவுக்குப் போகிறவள். பிரிஜெட், ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. மூன்று பேரும் இறங்குவது கன்டோன்மென்ட் ஸ்டேஷனில். பழகின ஒரே வாரத்தில் பிளாஸ்க் முறை வந்துவிட்டது. ஒரு நாள் அல்போன்சா, மறுநாள் பிரிஜெட், அதற்கு மறுநாள் தமயந்தி, பிறகு மறுபடியும் அல்போன்சா. ஒருத்தி டீ கொண்டு வருவாள், மூன்று பேர் குடிப்பார்கள்.

அதில் ஒரு விதியும் உண்டு. கொண்டு வந்தவள்தான் முதலில் குடிக்க வேண்டும், மற்ற இருவரும் பார்க்கும்படியாக. அல்போன்சா ஒரு நாள் விடியற்கால அவசரத்தில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டுவிட்டு, தான் குடிக்காமல் மற்ற இருவருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். பிரிஜெட் குடித்த வேகத்தில் எதிர்சீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டை பாழானது. அன்றைக்கு பிரிஜெட் போட்ட சட்டம் அது. பதினெட்டு வருடத்தில் ஒரு நாளும் யாரும் மீறியதில்லை.

மூன்று டீயில் தமயந்தியின் டீதான் பேர் போனது. பக்கத்து சீட்டுக்காரர்கள் கூட அவள் முறை எந்த நாள் என்று கணக்கு வைத்திருந்தார்கள். ரகசியம் ஒன்றுமில்லை, அவள் அம்மா போட்ட முறைதான். அப்பா சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர். ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியதும் அம்மா அடுப்பில் டீயை வைப்பாள். அப்பா ஷாஃப்டிலிருந்து மேலே வந்து, கைகால் கழுவி, தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்கிற வரை அது கொதிக்கும். இருபது நிமிடம், சில நாள் இருபத்தைந்து. இறக்கும்போது செம்மண் தண்ணீர் நிறத்தில் இருக்கும். பாறைத் தூசியை விழுங்கிவிட்டு வருகிற தொண்டைக்கு அதற்குக் குறைந்த டீ ஏறாது. தமயந்திக்குக் கைக்கடிகாரம் தேவைப்பட்டதேயில்லை. சங்குக்கும் செருப்புச் சத்தத்துக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்பது அவள் உடம்புக்கே தெரியும்.

அந்த டீயைத்தான் பதினெட்டு வருடம் வெறும் வயிற்றில் குடித்தாள். ஐந்தரை மணிக்கு யாருக்குப் பசிக்கும்? மதியச் சாப்பாடும் நின்ற வாக்கில் நாலு வாய்தான். வயிறு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தது. வயிற்றின் பேச்சை அந்த ரயிலில் போகிற எந்தப் பெண்தான் கேட்டாள்? ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் துணிக்கடையில் கத்தரிக்கோலைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தாள். குடலில் புண். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. மகன் சஞ்சய், "போதும்மா, இனிமே ரயில் வேணாம்" என்று அப்பாவையும் அம்மாவையும் ஒக்கலிபுரத்தில் இருந்த தன் வீட்டுக்கே அழைத்துவந்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை பிரிஜெட்டின் முறை. விடிந்தால் புதன், தமயந்தியின் முறை. அந்தப் புதன் வரவேயில்லை.

புண் மாத்திரையில் ஆறிவிட்டது. வயிறு மட்டும் பழையபடி திரும்பவில்லை. கொஞ்சம் காரம், கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் டீ, எது போனாலும் சுருண்டுகொள்ளும். சூடாகக் குடித்தாக வேண்டுமென்றால் மூலிகை டீ குடிக்கலாம் என்றார் டாக்டரம்மா. "எல்லாருக்கும் எல்லாம் ஒத்துக்காது. ஒண்ணொண்ணா குடிச்சுப் பாருங்க." தமயந்தி குடித்துப் பார்க்கவில்லை. டீ இல்லையென்றால் எதுவும் வேண்டாம் என்று வெந்நீரோடு நின்றுவிட்டாள். ரோஷம், வேறென்ன. அல்போன்சாவோடும் பிரிஜெட்டோடும் போனில் ஊர்க்கதை எல்லாம் பேசுவாள், ரயில் டீயைப் பற்றி மட்டும் கேட்க மாட்டாள். அவர்கள் இரண்டு பேர் மட்டும் முறை வைத்துக் குடிப்பதைக் காதால் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. அல்போன்சா மாதம் ஒரு தடவை "உன் முறை நிக்குதுடி" என்பாள். கிண்டல் செய்கிறாள் என்று இவளும் சிரித்து வைப்பாள்.

இப்போது முப்பத்தொன்றாம் தேதி பிளாஸ்க்கோடு போய் நிற்க வேண்டும். அது கடைசித் தடவை. அவளே முதலில் குடிக்கவும் வேண்டும். அவள் வயிறு தாங்குகிற ஒன்று அந்த பிளாஸ்க்கில் இருந்தால் போகலாம், இல்லையென்றால் போக முடியாது. கையில் மூன்று வாரம் இருந்தது.

அனுஷாவுக்கு விஷயம் தெரிந்ததும் மறுநாளே ஒரு டப்பாவோடு வந்தாள். ஈரோட்டுப் பெண், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, எதையும் பட்டியல் போட்டுச் செய்கிறவள்.

"அத்தை, இதுல எட்டு வகை டீ இருக்கு. ஒரு நேரத்துல ஒண்ணுதான் குடிக்கணும். ரெண்டு நாள் பாத்துட்டுத்தான் அடுத்தது. எதையும் கலக்கக் கூடாது, சரிங்களா?"

"சரிம்மா" என்றாள் தமயந்தி. அவளுக்குப் பிடித்த மருமகள்தான். ஆனால் டீ போடுவது எப்படி என்று இன்னொருத்தி சொல்லிக் கேட்கிற நாளும் வந்ததே என்று உள்ளுக்குள் பொருமினாள்.

முதலில் புதினா. வாசனை நன்றாகத்தான் இருந்தது. அரைமணி நேரத்தில் நெஞ்சுக்குள்ளிருந்து தொண்டை வரை புளிப்பு ஏறி வந்தது. வயிற்று உப்புசத்துக்குப் புதினா நல்லது, ஆனால் எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு அது பகை என்று அனுஷா படித்துச் சொன்னாள். குடித்த பிறகு படித்து என்ன பயன்? அடுத்து இஞ்சி. ஒரு சின்னத் துண்டு போதும் என்று டப்பாவில் எழுதியிருந்தது. சின்னத் துண்டெல்லாம் தங்கவயல்காரிக்கு எந்த மூலைக்கு? விரல் நீளம் நசுக்கிப் போட்டு வற்றக் காய்ச்சினாள். எரிச்சலில் அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

மாடி வீட்டுப் பெண் ஒரு பொட்டலம் கொடுத்தாள். உடம்பு இளைக்கிற டீ, வயிறு சுத்தமாகும் என்றாள். சுத்தமானது உண்மை. மறுநாள் முழுக்கத் தமயந்தி கழிவறையும் கட்டிலுமாக இருந்தாள். அனுஷா பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். அதில் இருந்தது நிலவாகை இலை, பேதி மருந்து. பிறகு அதிமதுரம். இனிப்பாக, பதமாக, நான்கு நாள் வயிறு சத்தமே போடவில்லை. ஐந்தாம் நாள் மாதாந்தரப் பரிசோதனைக்குப் போனபோது ரத்த அழுத்தம் ஏறிக் கிடந்தது. டாக்டரம்மாவுக்குக் கோபம். "பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க அதிமதுரத்தத் தொடலாமாம்மா? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே." கையில் இருந்த ஒரே நல்லதும் போயிற்று.

ஒரு வாரம்தான் மிச்சம். தமயந்தி சிவாஜிநகருக்கு பஸ் ஏறினாள். ஐந்து வருடமாக அந்தப் பக்கம் அவள் காலே வைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கறிக்கடை வாடையும் புதுத்துணி வாடையும் சேர்ந்து அடித்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த நெரிசலைத்தான் பதினெட்டு வருடம் வாய் ஓயாமல் திட்டியிருக்கிறாள். இப்போது ஒருவன் தோளில் இடித்துவிட்டுப் போனது கூட நன்றாக இருந்தது. துணிக்கடை வாசலில் நின்று பார்த்தாள். அவளுடைய மெஷின் இருந்த இடத்தில் பொம்மைக்குச் சுடிதார் மாட்டி நிறுத்தியிருந்தார்கள். உள்ளே போகாமல் நாட்டு மருந்துக் கடைக்கு நடந்தாள்.

கடைக்கார பாய் அவளை மறக்கவில்லை. "க்யா மா, எத்தினி வருசம் ஆச்சி. நல்லா இருக்கீங்களா?" விவரம் கேட்டுக்கொண்டு, சோம்பும் சீமைச் சாமந்தியும் கட்டிக் கொடுத்தார். "ரெண்டும் சாது மா. ஒண்ணும் பண்ணாது."

வீட்டுக்கு வந்து முதலில் சாமந்தியைப் போட்டாள். ஒரு கைப்பிடி பூ, நன்றாகச் சாறு இறங்கட்டும் என்று இருபது நிமிடக் கொதி. வாயில் வைக்க முடியாத கசப்பு, குடித்ததும் குமட்டல். சோம்பும் அதே கதி, கஷாயமாகிவிட்டது. சாது என்று பாய் சொன்னதும் அவள் கையில் முரடாகத்தான் போனது. தமயந்தி பாத்திரத்தைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, முழங்கால் வலி என்று அல்போன்சாவிடம் பொய் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தாள். அன்று மதியம் பாத்திரங்களை உருட்டி உருட்டிக் கழுவினாள். குணசேகர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வாயைத் திறந்தால் வம்பு என்று செய்தித்தாளோடு மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

இருபத்தெட்டாம் தேதி காலை, வாங்கின சாமான் வீணாகிறதே என்கிற வருத்தத்தில் மறுபடியும் தண்ணீர் வைத்தாள். ஒரு ஸ்பூன் சோம்பை லேசாகத் தட்டி எடுத்துக்கொண்டாள். சாமந்தி பொட்டலத்தின் அடியில் ஐந்தாறு பூதான் மிச்சமிருந்தது. தண்ணீர் தளதளவென்று ஒரு கொதி வந்தது, இரண்டையும் போட்டாள், அடுப்பு இரண்டு முறை விக்கி அணைந்தது. சிலிண்டர் காலி.

"என்னங்க, கேஸ் தீந்துபோச்சி" என்று குரல் கொடுத்தாள். பாத்திரத்தின் மேல் ஒரு தட்டைப் போட்டு மூடினாள். குணசேகர் மொட்டை மாடியிலிருந்து இறங்கி, பால்கனியில் இருந்த அடுத்த சிலிண்டரை உருட்டி வந்து, மூடியைக் கழற்ற முடியாமல் திட்டி, ஒருவழியாக மாட்டி முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. மறுபடி கொதிக்க வைக்கலாம் என்று தட்டைத் திறந்தாள். தண்ணீர் வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது. வாசனை மட்டும் நன்றாக இருந்தது. இது கழுநீர் மாதிரி இருக்கிறதே என்று ஒரு வாய் குடித்தாள். பிறகு ஒரு டம்ளர் வடிகட்டி உட்கார்ந்து குடித்தாள்.

அரைமணி நேரம் வயிற்றின் மேல் கை வைத்துக் காத்திருந்தாள். ஒரு மணி நேரம் ஆனது. எரியவில்லை, புளிக்கவில்லை, புரட்டவில்லை. கசக்கவும் இல்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நாளாக எல்லாவற்றையும் அவள் அப்பாவுக்காகக் கொதிக்கவிட்டிருக்கிறாள். பூவானாலும் விதையானாலும், சங்கு ஊதினதிலிருந்து செருப்புச் சத்தம் வரை. சுரங்கத்தை மூடி இருபத்து நான்கு வருடம், அப்பா போய் முப்பது வருடம். அவள் கை மட்டும் இன்னும் அவர் வருகிற வரைக்கும் அடுப்பை அணைக்கமாட்டேன் என்று நின்றிருக்கிறது. தமயந்தி சமையலறைத் தரையில் உட்கார்ந்து நன்றாக அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று தெரியாமல் குணசேகர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வயிறு வலிக்குதா?"

"இல்ல. வலிக்கல" என்றாள்.

அடுத்த இரண்டு நாளும் அதையே, அதே அளவில், அடுப்பை அணைத்து மூடிவைத்துப் போட்டுப் பார்த்தாள். ஒத்துக்கொண்டது. பரணிலிருந்து பழைய பிளாஸ்க்கை சஞ்சய் இறக்கிக் கொடுத்தான். மூடியில் அவள் அடையாளத்துக்கு வைத்த சிவப்பு நகப்பாலிஷ் புள்ளி அப்படியே இருந்தது. திறந்தால் ஐந்து வருடத்து டீ வாசனை. அதை முகர்ந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சோடா உப்பும் வெந்நீரும் ஊற்றி மூன்று தடவை கழுவினாள். முழுசாகப் போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் தூறலில் நனைந்துகொண்டு சிட்டி ஸ்டேஷனுக்கு நடந்தாள். ரயில் வந்ததும் வழக்கமான நான்காவது பெட்டியில் பாய்ந்து ஏறி, ஜன்னலோரம் மூன்று பேர் சீட்டில் துண்டைப் போட்டாள். ஐம்பத்தேழு வயதிலும் அந்தப் பாய்ச்சல் மறக்கவில்லை. "பர்த்தாரெ, பர்த்தாரெ" என்று, ஆள் வருவதைக் கன்னடத்தில் சொல்லிச் சொல்லியே கன்டோன்மென்ட் வரை இரண்டு சீட்டையும் காப்பாற்றினாள். முன்னேற்பாடாக இரண்டு பிஸ்கட்டும் தின்றுவைத்தாள். வெறும் வயிற்றில் இனி எதுவும் கிடையாது.

கன்டோன்மென்டில் அல்போன்சா ஏறினாள். தலை முழுக்க நரைத்திருந்தது. கழுத்தில் ஆஸ்பத்திரியில் போட்ட மாலை. பின்னாலேயே பிரிஜெட், பரிசாக வந்த குக்கர் பெட்டியைச் சுமந்துகொண்டு.

"இளைச்சிட்டியேடி" என்றாள் அல்போன்சா. உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். கண் நேராகப் பையில் இருந்த பிளாஸ்க்குக்குப் போனது.

ரயில் நகர்ந்தது. தமயந்தி மூடியைத் திருகினாள்.

"முன்னாடியே சொல்லிடுறேன். இது டீ இல்ல. சோம்பும் பூவும் போட்ட தண்ணி. என் வயித்துக்கு இதான் ஆவுது."

"யார் கேட்டா? மொதல்ல நீ குடி" என்றாள் பிரிஜெட்.

தமயந்தி மூடியில் ஊற்றி, இருவரும் பார்க்கக் குடித்தாள். பிறகு அல்போன்சாவுக்கு ஊற்றினாள். அல்போன்சா ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, இன்னொரு வாய் குடித்து, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு மூடியை பிரிஜெட்டிடம் கொடுத்தாள்.

"பிளாஸ்க்குல பழைய டீ வாசனை இன்னும் அடிக்குதுடி" என்றாள். "எத்தினி நாள் ஆச்சி, ரயில்ல குடிச்சி."

தமயந்திக்குப் புரியவில்லை. "ஏன், நீங்க ரெண்டு பேரும் தினம் குடிக்கிறவங்கதானே?"

பிரிஜெட் இல்லையென்று தலையை ஆட்டினாள். "பிளாஸ்க்க எடுத்தே அஞ்சி வருசம் ஆவுது. கன்டோன்மென்ட்ல எறங்கி, ஆளுக்கொரு கடையில குடிச்சிட்டுப் போயிடுவோம்."

"எதுக்குடி?"

"எதுக்கா?" அல்போன்சா மாலையைக் கழற்றி மடியில் வைத்தாள். "புதன்கிழமை உன் முறை. உன் முறை முடிஞ்சாத்தானே என் முறை வரும். நான் எப்படி எடுத்துட்டு வர்றது? மாசா மாசம் சொன்னேனே, உன் முறை நிக்குதுன்னு. நீ என்னா நெனச்சே?"

ஐந்து வருடம், ஒரு நாள் விடாமல், இவர்கள் இரண்டு பேரும் இந்தச் சீட்டில் வெறுங்கையோடு உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். தமயந்தியோ அவர்கள் குடிக்கிறார்கள் என்று நினைத்து நினைத்தே வெந்துபோயிருக்கிறாள். அல்போன்சாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சலவைக் காரத்தில் வெளுத்துப்போன கை. வைட்ஃபீல்டு ஸ்டேஷன் தாண்டுவதற்குள் பிளாஸ்க் இன்னொரு சுற்று வந்தது.

"இது எப்படிப் போடுறது, சொல்லு" என்றாள் அல்போன்சா. "எவ்ளோ நேரம் கொதிக்கணும்?"

"கொதிக்கவே கூடாது. ஒரு கொதி வந்ததும் போட்டுட்டு அடுப்ப அணைச்சிடு. பத்து நிமிசம் மூடி வை. உனக்கு எதுக்கு இப்போ?"

"நாளைக்குக் காலையில நீ திரும்பிப் போவணும் இல்ல? பிரிஜெட்டுக்கும் வேலை இருக்குது. அஞ்சரை ரயில்ல நானும் வர்றேன்."

"உனக்குத்தான் வேலை முடிஞ்சிடுச்சே. கன்டோன்மென்ட்ல எறங்கி என்னா பண்ணுவே?"

"அடுத்த ரயில்ல திரும்பிடுவேன்" என்றாள் அல்போன்சா. "நாளைக்கு என் முறைடி."